வெள்ளை மொசைக்

மொசைக் தரையில் எண்ணெய் கொட்டிவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றக்கூடாது. நிறைய பேர் செய்கிற தப்பு அது. முதலில் மரத்தூளைத் தூவி, எண்ணெயை அது குடிக்கிற வரைக்கும் விட வேண்டும். பிறகு அள்ளிப் போட்டுவிட்டு, சோப்புத்தூளால் தேய்த்து, இரண்டு தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். இறங்கினது இறங்கினதுதான்.

நீ கேட்டதற்குத்தான் வருகிறேன், சேட்டு. உன் அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பியாயிற்று. நீயும் பீர்க்கன்கரணை பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று வாசல் வரை போனாய். அங்கிருந்து திரும்பி வந்து கேட்டாய். "சைக்கிள் கழட்டினு இருந்தப்ப விழுந்தாருன்னு சொன்னீங்களே அண்ணி. ஆஸ்பத்திரில நான் பார்த்தப்ப அண்ணன் கை ரெண்டும் சுத்தமா இருந்துச்சே."

உட்கார். சொல்கிறேன்.

பொழிச்சலூரில் குடியிருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. பின்பக்கம் மண் தரை. அவர் எத்தனை சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கழற்றினாலும் கிரீஸ் மண்ணோடு போய்விடும். அஸ்தினாபுரத்தில் இந்த ஃப்ளாட்டை வாங்கலாம் என்று சொன்னவள் நான்தான். வெள்ளை மொசைக் போட்டிருந்தார்கள். தாம்பரத்து நர்சிங் ஹோமில் பதினேழு வருஷமாக ஆயா வேலை பார்க்கிறேன். ரத்தம், வாந்தி, எல்லாம் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்த கட்டிலில் கூப்பிடுவார்கள். துடைத்தால் துடைத்தபடி இருக்கிற ஒரு தரை எனக்கு வேண்டியிருந்தது. வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

குடிவந்த இரண்டாம் மாதம் கீழே நிறுத்தியிருந்த சைக்கிளில் டைனமோவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாடிப்படியில் வைத்து வேலை செய்யக்கூடாது என்று ஃப்ளாட் செயலாளர் அரிகிருஷ்ணன் சார் சொல்லிவிட்டார். அதனால் உன் அண்ணன் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்து இந்த ஹாலில் வைத்துச் செய்தார். தன் சைக்கிளோடு நின்றால் பரவாயில்லை. யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு வீட்டு சைக்கிள் வந்துவிடும். "வேதாசலம் மாதிரி ஒரு மனுஷன் உண்டா" என்று பதினாறு நாளாக எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான். நானும் தலையாட்டுகிறேன்.

அதோ, ஜன்னலுக்குக் கீழே இருக்கிறதே, அது முதல் வாரமே விழுந்த கறை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன். ஆசிட் ஊற்றினேன். கறை போகவில்லை, அந்த இடம் சொரசொரப்பாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இதற்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அடியில் பழைய காலண்டர் தாள்கள், மேலே கோணிப்பை, அதற்கும் மேலே தார்ப்பாய். சைக்கிளைக் கவிழ்க்கும்போது சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் அடியில் பழைய டியூபை மடித்து வைப்பேன். மண்ணெண்ணெயில் செயின் ஊறப்போட ஒரு அலுமினியத் தட்டு. எல்லாம் நான்தான் விரிப்பேன். "இதுக்குள்ளயே உட்காருங்க" என்றால் அதற்குள்ளேயே சம்மணம் போட்டு உட்காருவார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் பேரிங் பால்ஸ் உருண்டு ஓடுமே. அதைப் பிடிக்கக் கிரீஸ் காலோடு எழுந்து வருவார். வந்துவிட்டு, "அடடா, மறந்துட்டேன் பேபி" என்பார். நான் துணியை எடுப்பேன். மூன்று வருஷம்.

எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

அன்றைக்கு அரிகிருஷ்ணன் சார் சைக்கிள்தான். ஓவராயில், எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி மாட்டுகிற வேலை. மூன்று மணி, மூன்றேகால் இருக்கும். சமையலறையில் குடத்துக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். தட்டு உருள்கிற சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மண்ணெண்ணெய்த் தட்டு கவிழ்ந்து, தார்ப்பாயைத் தாண்டிக் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. தலையில் தண்ணீர் ஊற்றினது போல அவருக்கு வேர்த்திருந்தது. வலது கையால் இடது தோளைப் பிடித்திருந்தார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும், சேட்டு. வார்டில் எத்தனை பார்த்திருக்கிறேன். அங்கே என்றால் டாக்டரைக் கூப்பிட்டு முதலில் ஓடுகிறவள் நான்தான்.

"நெஞ்சை அடைக்குது பேபி. கீழ யாரையாவது கூப்பிடு. ஆட்டோ புடிக்கச் சொல்லு" என்றார்.

"இருங்க" என்றேன்.

மண்ணெண்ணெய் சீக்கிரம் இறங்கிவிடும். ஒரு நிமிஷ வேலை என்றுதான் மரத்தூள் டப்பாவை எடுத்தேன். தூவினேன். அது குடிக்கிற நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று, சோப்பும் துணியும் கொண்டுவந்து அவர் கையைக் கழுவினேன். சுவரைப் பிடித்து எழப் பார்த்தார், சுண்ணாம்பில் விரல் பதிந்துவிடும் போலிருந்தது. நீ கேட்டதற்குப் பதில் அதுதான். கை ஐஸ் மாதிரி இருந்தது. நகக்கண் வரைக்கும் தேய்த்தேன். அவரும் ஒவ்வொரு விரலாக விரித்துக் காட்டினார்.

மரத்தூளை அள்ளியபோது அவர் குதிகாலுக்கு அடியிலும் எண்ணெய் போயிருப்பது தெரிந்தது. "காலைக் கொஞ்சம் எடுங்க" என்றேன். அவரால் முடியவில்லை. முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். துடைத்தேன்.

எல்லா வீட்டிலும் டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் பத்துப் பேர் வந்திருப்பார்கள். வருவார்கள், செருப்போடு வருவார்கள். ஈரத்தில் பத்துப் பேர் நடந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். தார்ப்பாயைச் சுருட்டினேன். சைக்கிளை பால்கனியில் வைத்தேன். இரண்டாம் தண்ணீர் விட்டேன்.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன், இறங்கி வந்து பார்த்தால் விழுந்து கிடந்தார் என்று உங்களிடம் சொன்னது பொய். எப்போது வலி வந்தது என்று டாக்டர் கேட்டதற்கு நாலரை மணி என்று சொன்னதும் பொய். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

உடம்பை எடுப்பதற்கு முன்னால் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாய், அண்ணன் கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று. ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதுவும் பொய்தான். நான் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தார். குரல் சன்னமாக இருந்தது. கோபமெல்லாம் இல்லை. அவர் எப்போதும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"தொடச்சிட்டியா பேபி? இப்ப கூப்பிடுறியா?"

நான் ஃபேனை வேகமாக வைத்துவிட்டு, "இன்னும் காயலைங்க" என்றேன்.