தண்ணீரில் எரியும் குடும்பம்

புளித்த ரப்பர்ப் பால் வாடை வந்தால் போதும், மலாயா அவசரகாலத்தில் தம்பின் ஊரிலிருந்து வந்த பஸ் எனக்குள் உறுமத் தொடங்கிவிடும். சிரம்பான் போகும் வழியில் பட்டாளத்துக்காரர்கள், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று பைகளைக் கிளறினார்கள். எல்லோரும் மூச்சடக்கி இருந்தோம், முன் இருக்கையில் இருந்த இரண்டு இளம்பெண்களைத் தவிர.

"தண்ணி பட்டா எரியற குடும்பம் எதுடி கமலம்?"

"லித்தியம், சோடியம், பொட்டாசியம். இதுல மூத்ததுதானே முரடு, மதினி?"

"போச்சு! மூத்தது சும்மா நுரைக்கும். நடுவுல உள்ளது தண்ணி மேல ஓடும். பொட்டாசியம்தான் தீப்பிடிக்கும். அதுக்குத்தான் மண்ணெண்ணெயில முக்கி வைக்கிறாங்க, காட்டுக்காரங்களோட சேராம நம்மள கம்பி வேலிக்குள்ள வச்ச மாதிரி."

"அப்ப மூத்தது முரடா இருக்கிறது?"

"அது குளோரின் குடும்பம் லா. அங்க மேல உக்காந்திருக்கிற புளோரின்தான் பேய்."

"யாரோடயும் ஒட்டாத வாயுங்க?"

"நம்ம தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி வீடு."

கமலம் வாய்விட்டுச் சிரித்தாள். பஸ் மறுபடி நகர்ந்தது.

"சிரிக்காதடி. இன்னிக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சையில தோத்தா, தை மாசம் எங்கண்ணனுக்கு உன்னையக் கட்டி வச்சிருவாங்க."

"உங்கண்ணன் நல்லவருதான் மதினி. ஆனா எனக்கு இன்னும் படிக்கணும்."

சிரம்பானில் கமலம் இறங்கினாள். மந்தின் வரை போக வேண்டிய மதினி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்:

"தைரியமா எழுதுடி! நீ பாஸாகணும்னு எங்கண்ணனே மாரியம்மன் கோயில்ல தேங்கா உடைக்கிறான். கல்யாணம்னா உன்னையவிட அவனுக்குத்தான் பயம்!"