பன்னெண்டு ஏக்கர்

"உங்க அடக்கத்துனாலதானுங்க போன தடவ விசா போச்சு."

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை வரும் பேருந்தில், முன் இருக்கையில் ஓர் அம்மா தன் வீட்டுக்காரரிடம் இப்படிச் சொன்னார். மூன்றாம் வகுப்போடு நின்று மூன்று பட்டறை கட்டியவன் நான். அடக்கத்தால் எனக்கு எதுவும் போனதில்லை. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மக பிரசவத்துக்கு ஒரு மாசந்தானுங்க இருக்குது. நாளைக்கு மெட்ராஸ் தூதரகத்துல மறுபடியும் கேப்பாங்க. எத்தன பூமி இருக்குதுன்னு கேட்டதுக்கு அன்னிக்கு என்னங்க சொன்னீங்க?"

"ஏதோ கொஞ்சம் இருக்குதுங்கன்னேன். நம்ம பக்கம் அப்பிடித்தான அம்மணி சொல்லுவோம்?"

"அத அந்த வெள்ளக்காரம்மா அப்படியே நம்பிப்போட்டாங்க. ஒண்ணுமில்லாதவங்க, போனா திரும்பி வரமாட்டாங்கன்னு ரெண்டு பேத்துக்கும் இல்லீன்னுட்டாங்க. இப்ப நான் கேக்கறேன். எத்தன ஏக்கருங்க?"

"பன்னெண்டு," என்றார், தரையைப் பார்த்தபடி.

"திருடுனவராட்டச் சொல்றீங்க. நிமுந்து சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பன்னெண்டு ஏக்கர் பாக்குத் தோப்புங்க. ரெண்டு கெணறு. எல்லாம் என்ற பேர்லதானுங்க."

பாதிப் பேருந்து திரும்பிப் பார்த்தது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிக் கேட்டார்: "ஏனுங்க, தோப்பு விக்கற மாதிரி இருக்குதுங்களா? நல்ல பார்ட்டி ஒண்ணு இருக்குதுங்க."

வீட்டுக்காரருக்குக் கூச்சத்தில் முகம் சுண்டிவிட்டது. அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"பாத்தீங்களா, ஒரு மனுசன் நம்பிட்டாரு. இதே மாதிரி அங்கயும் சொல்லிப்போடுங்க. பேரனோ பேத்தியோ, கையில வாங்கிப் பாத்துட்டு வந்தரலாம்."