உறைந்த ஏரியில் மேஜர்

தலைமை ஏற்றிருக்கும் திரையரங்க உரிமையாளர் எஸ்ரா டன்லப் அவர்களே, ட்ரக்கி நகரத்துப் பெரியோர்களே, பனிக்கட்டி அறுத்துத் தோள் உரம் ஏறிய தோழர்களே, படம் ஓடும்போது என்னை மனமார வைது தீர்த்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் வில்லன் வாலஸ் கிரிம்மின் வணக்கம்.

அஞ்ச வேண்டாம். திரையில் நாயைச் சாட்டையால் அடித்தவன் நான்தான். ஆனால் அடி விழுந்தது சாக்குமூட்டை மேல். அந்த நாய் மேஜர் இதோ மேடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பார்த்தீர்களா அம்மா, ஒரு கீறலாவது உண்டா? நிம்மதிதானே? உங்களைவிட எனக்கு நிம்மதி. உங்களிடம் திட்டு வாங்கவாவது உயிரோடு நிற்கிறேனே!

என்ன ஐயா, சத்தமாகப் பேசவா? பேசுகிறேன். படத்தில்தான் என் குரல் கேட்காது, இங்கேயாவது கேட்கட்டும்.

ஊமைப் படத்து நடிகனின் வாய் என்ன வாய் தெரியுமா? முகத்தில் வெறி, நாக்கில் நையாண்டி. கண்ணை உருட்டிக் கத்தியை ஓங்கிக்கொண்டே, "ஏம்ப்பா, இன்னைக்கும் மொச்சைதானா?" என்று கேட்பேன். மேஜரைப் பழக்கிய ஆல்வின் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று, "படு ராசா, எந்திரி ராசா, பாய் ராசா" என்று கத்திக்கொண்டே இருப்பார். யார் தடுப்பது? படச்சுருளுக்குக் கண் உண்டு, காது ஏது?

அன்றைய காட்சி எளிது. அடிபட்ட மேஜர் கரையில் அசையாமல் கிடக்க வேண்டும். நான் உறைந்த ஏரியின் மேல் ஓடித் தப்ப வேண்டும். ஏரி நடுவே தேவதாருக் கிளைகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. டைரக்டர் பென்டில் முகம் சுளித்தார்.

"மனுசன் கால் படாத எடம்னு சொன்னா, தோட்டம் போட்டு வச்சிருக்காங்க. பிடுங்கிப் போடுங்கய்யா."

பிடுங்கிப் போட்டோம். அதோ, பின்வரிசையில் ஹியூகோ தலையில் அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ளுங்கள் ஹியூகோ, உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் பனிக்கட்டி அறுத்தெடுத்த இடத்தில் புதிதாய்ப் படர்ந்த மெல்லிய ஏடு அது. அங்கே கால் வைக்காதே என்று நீங்கள் நட்ட கிளைகள் அவை. உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். படமெடுக்க வந்த மேதைகளுக்குத் தெரியவில்லை.

ஓடினேன். உடைந்தது. கழுத்தளவுக்குத் தண்ணீர். ஊறிய கரடித்தோல் கோட்டு கீழே இழுக்கிறது. "நெசமாவே முழுகுறேன், கயிறு போடுங்கய்யா!" என்று கதறினேன். கரையிலிருந்து வந்தது என்ன தெரியுமா? கயிறா? இல்லை, பாராட்டு.

"கதையில இல்லாததெல்லாம் பண்றான்யா. பிரமாதம். விடாம கேமராவைச் சுத்து," என்றார் பென்டில்.

"மொச்சை வேணாம்னு அழுவான் சார்," என்றாராம் கேமராக்காரர்.

அவர்களை நோவேனா? வாயசைவைப் பார்த்தே வளர்ந்த கண்கள் அவை. பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே நின்றார்கள். கேட்டவர் யார்? கரையில் பிணமாய்க் கிடந்தானே, அவன் கேட்டான். காது நிமிர்ந்தது. "படு ராசா, படு" என்றார் ஆல்வின். படுக்கவில்லை. வயிறு தேயத் தவழ்ந்து வந்தான். என் கோட்டுக் கையைக் கவ்வினான்.

அப்போதுதான் ஆல்வினுக்கு உறைத்தது. "மேஜர் சொல்லு மீறமாட்டானே. ஐயோ, வாலஸ் நெசமாத்தான் கத்துறான்." ஓடினார். ஏரியின் மறுபக்கம் வேலையிலிருந்த ஹியூகோவும் கூட்டாளிகளும் கொக்கிக் கழியோடு பாய்ந்தார்கள். கழி என் இடுப்பில் மாட்டும்வரை மேஜர் பல்லை எடுக்கவில்லை.

விடுதிக்கார அகதா அம்மா எங்கள் இருவரையும் ஒரே கம்பளியில் சுருட்டி அடுப்போரம் போட்டார். "எது மனுசன் எது நாயின்னே தெரியல. ரெண்டும் மூச்சு விடுது, அது போதும்" என்றார். நான் விம்மி விம்மி அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

பென்டில் நான் மூழ்கியதையும் வீணாக்காமல் கதையோடு ஒட்டிவிட்டார். மூழ்கும்போது என் வாய் அசைந்ததே, உடனே திரையில் எழுத்து வந்ததே, என்ன படித்தீர்கள்? ஆம், "நாசமாய்ப் போ, நாயே." அதற்குத்தானே வேர்க்கடலை பறந்து வந்தது? அது எவரோ எழுதிச் சேர்த்தது தாய்மார்களே. மேஜர் காலடியில் பனி விரிசல் விடுவதைப் பார்த்து நான் சொன்னது வேறு: "வராதடா மேஜர். உடையுது. திரும்பிப் போயிரு ராசா."

படத்தில் மலை தாண்டினான், ஆல்வின் சொன்னார். நெருப்பில் பாய்ந்தான், ஆல்வின் சொன்னார். ஓநாயை எதிர்த்தான், அதுவும் ஆல்வின் சொன்னதே. ஏரியில் மட்டும் ஆல்வின் வேண்டாம் என்றார். சாகக் கிடந்த நானும் வேண்டாம் என்றேன். இரண்டையும் கேட்டான். கேட்டும் வந்தான்.

அப்படி வந்தவனுக்கும், கழியோடு வந்த உங்களுக்கும் என் உயிர் சொல்கிறது நன்றி. வணக்கம்.