கழுவாத முலாம்பழம்

முலாம்பழத்தை நறுக்குவதற்கு முன்னால் தோலைக் கழுவ வேண்டும், அக்கா. நிறையப் பேருக்கு இது தெரியாது. மண்ணில் உருண்ட பழம். தோலில் இருப்பதையெல்லாம் கத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். நான் பிரஷ் வைத்துத் தேய்த்து, துடைத்து, பழத்துக்கென்றே இருக்கிற கத்தியால் நறுக்கி, டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைப்பேன். நீ கல்யாணமாகிப் போன பிறகு இதெல்லாம் என் பொறுப்புதானே.

மாமாவுக்கு அது சிரிப்பு. ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து, என் அறையில் கால் நீட்டி, மழைக்காலம் முடிந்தும் எழுந்திருக்காத மனிதர். நான் ஹாலில் சோபாவில் மடங்கிக் கிடக்கிறேன்.

“என்ன டாக்டரம்மா, பழத்தக் குளிப்பாட்டுறியா? அப்படியே பவுடரும் போட்டு விடு.”

“தோல்ல கிருமி இருக்கும் மாமா.”

“நான் தோலையா திங்கப்போறேன்? மோந்து பாத்தே சொல்லிடுவேன், நல்லதா கெட்டதான்னு. அந்த மூக்கு உனக்கில்ல.”

அம்மாவும் சிரித்தாள். “என் தம்பி சொன்னா கேளேண்டி.”

கேட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். சனிக்கிழமை பழத்தைக் கழுவவில்லை. கோழி வெட்டிய கத்தி தொட்டியில் கிடந்தது. இன்னொன்றை எதற்கு அழுக்காக்குவது என்று அதையே எடுத்தேன். துண்டுகளை ஜன்னலோரம் வெயிலில் வைத்து, சாயங்காலம்வரை மறந்துவிட்டேன். நடுநடுவே போய்ப் பார்த்துக்கொண்டேதான் மறந்தேன். அவருக்குச் சில்லென்று இருந்தால் பிடிக்குமே என்று அப்புறம் ஃப்ரிட்ஜுக்கு மாற்றினேன். அம்மா கை நீட்டியபோது, “இது மாமாவுக்கு” என்று டப்பாவை நகர்த்திவிட்டேன்.

அவர் மோந்து பார்த்தார். “தேன்டி” என்றார்.

விடிவதற்குள் பாத்ரூமுக்கே குடிபோய்விட்டார். அப்புறம் ஆஸ்பத்திரி, டிரிப்ஸ். ஒருநாள் முழுக்க அம்மாவையே அடையாளம் தெரியாமல் கிடந்தார். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதற்கு, அரைக் கண்ணைத் திறந்து, “பழம் நல்லாத்தான் இருந்துச்சு, நானே மோந்து பாத்தேன்” என்றார். மூக்கின்மேல் அவ்வளவு நம்பிக்கை. டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

அதுவரைக்கும் நான் நன்றாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன், அக்கா. இன்றைக்கு நர்ஸ் வந்து, தேறிவிட்டார், நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றாள். அப்போதிலிருந்து கண்ணை மூட முடியவில்லை. இந்த நேரத்தில் உன்னை போன் போட்டு எழுப்பியதும் அதனால்தான்.

வரும் வழியில் இன்னொரு முலாம்பழம் வாங்கினேன். எதையாவது நறுக்கினால் எனக்கு மனசு அடங்கும். வேறொன்றுமில்லை.