உடுப்பு மேல எழுதின பேரு

இல்ல மேடம், நீங்க கேக்குறது புரியாம இல்ல. தொற்று வந்தப்ப நர்ஸுங்க வேலை எப்படி மாறுச்சு, டாக்டரா எனக்கு என்ன தோணுது, அதானே? மத்த டாக்டருங்க ஆஹா ஓஹோன்னு சொல்லியிருப்பாங்க. எனக்கு அந்த மாதிரி தேன் தடவிப் பேச வராது. மொதல்ல இதுல உக்காருங்க, அந்த நாற்காலிக்குக் கால் ஆடும்.

எங்க வார்டு சிஸ்டரைத்தான் ஆஸ்பத்திரிக்கே தலைமை சிஸ்டராப் போடப் போறீங்க. என் கையெழுத்து வேணும். அதுக்குத்தான வந்தீங்க? போடுறேன். ஆனா சும்மா போட மாட்டேன். மார்க்கெட்டுல பேரம் பேசி வளந்தவன் நான், எதையும் சும்மா குடுத்துப் பழக்கமில்ல. கடைசியில சொல்றேன் என்ன வேணும்னு.

முன்னாடியெல்லாம் நான் ரவுண்ட்ஸ் போனா அவங்க எனக்குப் பின்னாடி வருவாங்க. நான் சொல்லுவேன், அவங்க செய்வாங்க. தொற்று வந்துச்சு, எல்லாம் தலைகீழ். பாதுகாப்பு உடுப்பு பத்தல. அதனால டாக்டருங்க சட்டுன்னு உள்ள போயிட்டு வந்துடணும், மிச்ச நேரமெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். உள்ள அவங்க ராஜ்யம். ஆக்சிஜனைக் கூட்டுறது, கொறைக்கிறது, ஆளைக் குப்புறத் திருப்பிப் போடுறது, எல்லாம் அவங்கதான். போன் வரும். செஞ்சுட்டேன் டாக்டர். செய்யலாமா டாக்டர்னு இல்ல, செஞ்சுட்டேன்னு. நான் காட்டுக்கத்தல் கத்துவேன். சரிங்க டாக்டர்னு வெச்சுடுவாங்க. அந்தச் சரிங்க டாக்டர் இருக்கு பாருங்க, அதுக்குப் பதிலா என்னை ரெண்டு அறை அறைஞ்சிருந்தாலும் தேவல.

தப்பா செஞ்சாங்களாவா? அட, ஒரு தப்பு செஞ்சிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேனே.

பொறாமைதான். வாய் விட்டுச் சொல்லுங்க, உங்க மூஞ்சியே சொல்லுதே. மருந்து எழுதினது நான். பொழச்சு வீட்டுக்குப் போறவன் வாசல்ல நின்னு என்னைத் தாண்டி எட்டிப் பாக்குறான், சிஸ்டர் எங்கன்னு. வயிறு எரியாதா?

உள்ள எல்லாரும் தலையிலேருந்து கால் வரைக்கும் ஒரே வெள்ளை. யாரு என்னன்னு தெரியாது. அதனால நெஞ்சுல மார்க்கரால எழுதிக்குவோம். சிஸ்டர் தன் பேரை எழுதல. உங்க பொண்ணுன்னு எழுதிக்கிட்டாங்க. கெழடுங்க அத்தனையும் அதுல மயங்கிடுச்சு. நான் கொட்டை எழுத்துல டாக்டர்னு எழுதினேன். முட்டி மோதி வாங்கின பட்டமாச்சே, விடுவேனா?

ஜன்னலோரக் கட்டில்ல ஒரு பெரியவரு. மூட்டை தூக்கியே முதுகு வளைஞ்ச மனுசன். நான் உள்ள போனதும் கைய இறுக்கிப் புடிச்சேன். அவரு கண்ணை இடுக்கி என் நெஞ்சுல இருந்ததை எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. டாக்டரய்யா, நீங்க மத்தவங்களைப் பாருங்க, எனக்கு எம்பொண்ணு இருக்கான்னாரு.

அவருக்குப் பொண்ணே கெடையாது மேடம். ஒரே பையன்தான்.

நான் என்னமோ சொன்னேன். ரெண்டு முகமூடி, மிஷின் சத்தம் வேற, அவருக்குக் கேக்கல. உள்ள இருக்கக் குடுத்த நேரமும் முடிஞ்சுடுச்சு, வெளிய வந்துட்டேன். மறுநாள் அவரு உசுரு போறப்ப பக்கத்துல இருந்தது அவங்க. கண்ணாடி வழியா பாத்தேன், உதடு அசைஞ்சுது. அவங்க குனிஞ்சு கேட்டுக்கிட்டாங்க.

எங்க, காகிதத்தைக் குடுங்க. இந்தாங்க, போட்டாச்சு. இனி என் பங்கு. போற வழியில அவங்களைப் பாப்பீங்கல்ல? எங்கப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டுட்டு வாங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.