அமாவாசைக்கு மட்டும் நன்றாக இருந்த லைன்

வீட்டு வைஃபையில் கோளாறு என்றால் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான். ரூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பச்சை விளக்கு எரியும்வரை அதன் முன்னால் பயபக்தியோடு நிற்பார்கள். என் மனைவி மோகனப்பிரியாவும் அப்படித்தான் நின்றாள். நான் ஒருநாளும் தடுத்ததில்லை.

இன்ஸ்பெக்டர் மேடம், நேற்று நீங்கள் என் அப்பாவைக் கூட்டிவந்து இதே நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். விபத்தில் அடிபட்ட மோகனாவின் ரத்தத்தில் தூக்க மாத்திரை இருந்தது, அது மருத்துவர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை, ஆகவே அப்பா செங்கோடன்தான் செய்திருப்பார் என்று முடிவு கட்டினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டையாம்பட்டியில் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் விசைத்தறி ஓட்டியே காலம் தள்ளுபவர் அவர். இழை அறுந்தால் முடிச்சுப் போடத் தெரியும். அதைத் தாண்டி யோசிக்க அவருக்கு வராது. இந்த வேலையை அவர் செய்ததாக ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் நானாகவே வந்தேன்.

நான் பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நெட்வொர்க் வேலை செய்கிறேன். மோகனா கணினியில் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுவாள். கல்யாணத்துக்கு முன்பே ஆடியவள். பெண் பார்க்கப் போனபோதே சொன்னாள். பூ கட்டுவதுபோல் ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்துத் தலையாட்டினேன். போன வருஷம் கோவையில் ஒரு பெண்கள் அணி அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் ஒரு தேர்வு ஆட்டம் ஆடிக் காட்டினால் சேர்த்துக்கொள்கிறோம் என்றது. அவளுக்கு அதைவிடப் பெரிதாக உலகத்தில் எதுவும் இல்லை. சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பயிற்சி செய்தாள்.

அன்றிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. தறிக்குப் பாவு நூல் கொண்டுவருபவரிடம்கூட, "எங்க ஊட்டு மருமகளுக்கு வெளையாடறதுக்கே சம்பளம் குடுக்கறாங்களாமுங்க" என்று நீட்டி முழக்குவார். அதே வீட்டின் மாடியில் இத்தனை வருஷமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

இந்த ஆட்டத்துக்கு லைனின் வேகம் முக்கியமில்லை. இங்கே விரல் அழுத்தியது அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பதுதான் விஷயம். அதைப் பிங் என்பார்கள். கண் இமைக்கும் நேரம் பிந்தினால் போதும், எதிரி முந்திக்கொள்வான். எங்கள் வீட்டு லைன் முழுவதும் நான் அமைத்தது. ரூட்டருக்குள், அவள் கணினிக்குப் போகும் வழியில் மட்டும் ஒரு சின்னத் தாமதத்தை வைத்தேன். படம் பார்த்தால் தெரியாது, பாட்டுக் கேட்டால் தெரியாது. சுடும்போது மட்டும் தெரியும்.

பிறகு நடந்ததெல்லாம் கூத்து. ரூட்டரை அலமாரி மேலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். மேசையிலிருந்து ஜன்னலுக்கு மாற்றினாள். எல்லாருடைய செல்போனையும் வைஃபையிலிருந்து எடுக்கச் சொன்னாள். வைஃபையே வேண்டாம், நேராக வயர் போடலாம் என்று யாரோ சொல்ல, நானே சேலம் போய் நல்ல வயராக வாங்கிவந்து சுவரோரமாக இழுத்துக் கொடுத்தேன். அன்று அவள் முகத்தில் எவ்வளவு நன்றி. லைன் சரிபார்க்க வந்தவர் செல்போனில் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்து, "ஸ்பீடு நல்லாத்தானுங்க வருது. கேம்லதான் ஏதோ கோளாறாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பார்த்தது வேகத்தை. தாமதம் வேறு என்பது அவருக்கே தெரியவில்லை.

ஆனாலும் எல்லா நாளும் பிந்தினால் ஒருநாள் யாராவது ரூட்டருக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. எங்கள் பக்கம் அமாவாசையன்று தறி ஓட்டமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒருநாள் மட்டும் தாமதத்தை எடுத்துவிட்டேன். அடுத்த அமாவாசைக்கும் எடுத்தேன். மூன்றாவதுக்குள் அப்பாவே காரணத்தைக் கண்டுபிடித்து அவளிடம் சொல்லிவிட்டார்.

"தறி கரண்ட இழுக்கறதுலதான் சாமி உனக்கு லைன் சிக்குது. நீ வெசனப்படாத. போட்டியன்னிக்கு நான் தறிய நிறுத்திப்போடறேன்" என்றார்.

"நாள் கெழமையில்லாம எதுக்குங்க மாமா நிறுத்தோணும்?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தறிக்கும் இணையத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல அந்த வீட்டில் என் ஒருவனால்தான் முடியும். என்னை யாரும் கேட்கவில்லை.

தேர்வு ஆட்டத்தன்று சொன்னபடியே நிறுத்தினார். ஆர்டர் துணி பாதியில் கிடக்க, வேலை நாளில் பட்டறை ஓய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டார் துக்க வீடோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் தாமதத்தை எடுத்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். எடுக்கவில்லை. தோற்றாள். அப்பா பட்டறை வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு குருட்டு நம்பிக்கைக்கு அதுதான் கூலி.

அதற்குப் பிறகு அவள் சந்தேகம் தன் மேலேயே திரும்பியது. அதற்கு நானும் கொஞ்சம் உதவினேன். "உனக்கும் முப்பது ஆவப்போவுது. கையி முன்னமாதிரி ஓடாது" என்று பக்குவமாகச் சொன்னேன். விரல்களை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொள்வாள். நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னாள், கூட்டிப்போனேன். ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதை அவள் நம்பவில்லை. விளையாட்டை விட்டுவிடுகிறேன் என்று அவள் வாயாலேயே சொல்லும் நிலைக்கு வந்தாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

கெடுத்தவர் அவள் அண்ணன் அன்பரசு. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருப்பவர். ஆட்டமும் தெரியாது, லைனும் தெரியாது. "எங்கூட்டுக்கு வந்து ஒருக்கா ஆடித்தான் பாரேன்" என்று சும்மா கூப்பிட்டிருக்கிறார். போனாள். சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தாள்.

"ஏனுங்க, என்ற கையி நல்லாத்தான் இருக்குதுங்க."

கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோவை அணி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. அதை அண்ணன் வீட்டிலிருந்தே ஆடப்போவதாகச் சொன்னாள்.

என் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். சூரமங்கலத்து ரூட்டர் என் கையில் இல்லை. லைனில் வைக்க முடியாத தாமதத்தை வேறு எங்கேதான் வைப்பது? தேர்வு ஆட்டத்தன்று காலையில் காப்பி நான் போட்டேன். அப்பாவின் மாத்திரையைப் பொடி செய்து அதில் கலந்தேன். இந்த வீட்டில் நீங்கள் எனக்குக் காப்பி போட்டுத் தருவது இதுதான் முதல்தடவை என்று சொல்லிக்கொண்டே குடித்தாள். அப்பா வாசல்வரை வந்து, "செயிச்சுட்டு வா சாமி" என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் லாரி திரும்பியிருக்கிறது. லாரிக்காரர் உங்களிடம் சொன்னது எனக்கும் தெரியும். "அந்தப் புள்ள என்னையப் பாத்துச்சுங்க. பாத்துக்கிட்டேதான் வந்துச்சு. பிரேக்கத்தான் புடிக்கல." அவர் பொய் சொல்லவில்லை. அவள் பிடித்திருப்பாள், கொஞ்சம் பிந்தி.

மாத்திரை கலந்தது நான்தான். அப்பாவை விட்டுவிடுங்கள், அவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆனால் அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மற்றவர்களைப்போல் அடித்தேனா, வைதேனா, விளையாடாதே என்று ஒரு வார்த்தை சொன்னேனா? அந்தக் கணினியையே நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இங்கே வருவதற்கு முன் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கண் திறந்திருந்தாள். வலது கை விரலை அசைக்கச் சொன்னார் மருத்துவர். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அது லேசாக அசைந்தது. இந்தத் தாமதத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மேடம்.