வெர்லின் ஊதிய குழல்

ஓய்வு பெற்ற ஆணுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும். இல்லாவிட்டால் மனைவியின் சமையலறை சீசாக்களை அகர வரிசையில் அடுக்கத் தொடங்கிவிடுவான். நான் இரண்டு முறை அடுக்கினேன். மூன்றாம் முறை என் மனைவி கார் சாவியைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினாள். கென்டக்கி மலைப்பக்கத்தில் அப்படிப்பட்ட ஆண்கள் போய்ச் சேருமிடம் துப்பாக்கிக் கழகம்.

எங்கள் கழகத்து வெர்லின் ஸ்டக்கி செத்ததை விபத்து என்று போலீஸ் கோப்பில் எழுதி மூடிவிட்டீர்கள், மேடம். அவர் மனைவி ட்வைலா அப்படி நினைக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டு அவர் கவனத்தைக் கலைத்தது தான்தான், தானே புருஷனைக் கொன்றுவிட்டோம் என்று ஆறு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். எனக்கு இளகிய மனது. அந்தப் பழி அவள் மேல் நிற்கக்கூடாது என்றுதான் வந்தேன்.

எங்களுடையவை பழைய ரகத் துப்பாக்கிகள். குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, எச்சிலில் நனைத்த துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் கெட்டித்துச் சுடவேண்டும். பின்பக்கம் சின்னக் கிண்ணி ஒன்று உண்டு. அதில் இட்ட சிட்டிகை மருந்தில் தீப்பொறி விழுந்தால், ஊசி நுழையும் அளவுள்ள துளை வழியாக நெருப்பு உள்ளே போய் வெடிக்கும். சனிக்கிழமை சுட்டால் அழுகிய முட்டை நாற்றம் திங்கட்கிழமை வரை மூக்கில் நிற்கும். அதைப் பொறுத்துக்கொண்டேன்.

எச்சிலைத்தான் பொறுக்க முடியவில்லை. முப்பத்தொரு வருடம் பல் வைத்தியம் பார்த்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாய்களுக்கும் எனக்கும் நடுவே கையுறை இருந்தது. வெர்லின் நாலைந்து துணித்துண்டுகளைப் புகையிலையோடு கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசுவார். முதல் நாளே ஒன்றை உருவி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாங்க டாக்டரே. உங்க வாய் காஞ்சு கெடக்கு. இது நல்லா ஊறினது."

வெதுவெதுப்பாக இருந்தது.

தன் இரண்டாவது துப்பாக்கியை எனக்குச் சும்மா கொடுத்தவர் அவர். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் வேறு கழகத்துக்குப் போயிருப்பேன்.

ஒவ்வொரு முறை சுட்டதும் குழல் வாயில் உதட்டைப் பொருத்தி ஊதுவார், உள்ளே படிந்த கரி இளகுமாம். கழகம் தடை செய்த பழக்கம். "எங்கப்பன் ஊதினான், தொண்ணூறு வயசு இருந்தான்" என்பார். நிமிரும்போது உதட்டைச் சுற்றிக் கருவளையம் இருக்கும், தாடியில் பழுப்பு எச்சில் நூலாகத் தொங்கும். அதே வாயால் சோள ரொட்டியைக் கடித்து, மீதியை என்னிடம் நீட்டுவார்.

"என்ன டாக்டரே, விளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சி?"

"வயிறு சரியில்ல, வெர்லின்."

"வாரா வாரமா? வீட்டம்மா சமையல் அப்படியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரொட்டியை வாங்கித் தின்றேன். ஒன்றரை வருடம் தின்றேன்.

கழக ஆண்டு விழாவில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் சுடுவது வழக்கம். அந்த இரைச்சலில், தன்னுடையது வெடித்ததா என்று சுட்டவனுக்கே சில சமயம் தெரியாது. அதனால் ஒவ்வொருவர் பின்னாலும் ஓர் ஆள் நிற்பான். வெடிக்கவில்லை என்றால் தோளைத் தட்டிச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேலை. வெர்லின் தன் பின்னால் நிற்க என்னைக் கேட்டார்.

"துளையக் கொஞ்சம் குத்தி விடுங்க டாக்டரே. உங்க கை நுணுக்கமான கை."

ஊசியால் கரியைச் சுத்தமாக எடுத்தேன். பிறகு துப்பாக்கிக்குப் பூச வைத்திருந்த மாட்டுக் கொழுப்பில் ஒரு பொட்டு எடுத்துத் துளையை அடைத்தேன். அடைப்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

பத்துக் கிண்ணிகளும் பற்றின. ஒன்பது குழல்கள் வெடித்தன. புகை எல்லோரையும் மூடியது.

"ஏ மனுஷா, பீன்ஸ் ஆறிப்போவுது!" என்று ட்வைலா கூப்பிட்டது உண்மைதான்.

"இந்தா வந்துட்டேன்டி" என்று அவர் துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றினார். குழல் வாயை நோக்கிக் குனிந்தார். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பல்லில் வைத்த சிமெண்ட் இறுகும்வரை எண்ணிய பழக்கம். மூன்றில் உதடு பொருந்தியது. நான்கில் ஊதினார். கொழுப்புக்குள் கனன்றுகொண்டிருந்த பொறிக்கு அந்தக் காற்று போதுமாக இருந்தது.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, மேடம். வெடிக்காமல் போனால் எல்லோரும் கேலி செய்வார்கள், வெட்கப்பட்டு ஊதுவதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஏன் தோளைத் தட்டவில்லை என்றால், கை போகவில்லை. அந்தத் தோல் சட்டையை அவர் துவைத்து நான் பார்த்ததில்லை. ட்வைலாவிடம் அவள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள். பாவம், ஏதாவது சாப்பிடட்டும்.

வரிசையில் நின்ற எல்லோர் மேலும் தெறித்திருக்க, என் சட்டை மட்டும் எப்படிச் சுத்தமாக இருந்தது என்று கேட்கிறீர்கள். அவர்கள் சுடுவதற்கு முன்பே நான் ஆறடி பின்னால் போய்விட்டேன். வெள்ளைச் சட்டை, மேடம். கறை பட்டால் போகாது.